மலையம்மாவின் உள்ளறை

கரட்டுக் காட்டில் முள்ளி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள்.

அந்தக் காட்டில் பங்குனி பிறந்ததும் இலுப்பைப் பூ உதிரும். விடிந்து பார்த்தால் மரத்தடி முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். வாயில் போட்டால் தேனாக இனிக்கும். அணில் முதல் கரடி வரை எல்லோருக்கும் அதுதான் தீனி. தின்றது போக மீதியைப் பாறையில் காயவைத்து மழைக்காலத்துக்கு எடுத்து வைப்பார்கள். ஏனென்றால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அங்கே வேறு எதுவும் கிடைக்காது.

ஆனால் காய்ந்த பூவை நனையாமல் வைக்க இடம் வேண்டுமே! மரப்பொந்தில் மழை இறங்கும். வளைக்குள் தண்ணீர் ஊறும். மலைச்சரிவில் இருந்த பெரிய குகை ஒன்றுதான் நனையாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்தக் குகை காட்டுப்பன்றி தடியப்பனுடையது.

"கொண்டு வந்து வையுங்கள். காட்டுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நான் எதற்கு?" என்பான் தடியப்பன். வைத்ததில் ஒரு பங்கு குகைக்கு. மீதி வைத்தவருக்கு. பேச்சு அப்படித்தான்.

போன வருஷம் முள்ளியும் மூன்று கூடை நிறையப் பூ கொண்டுபோய் வைத்தாள். ஐப்பசி மழையில் திருப்பிக் கேட்கப் போனபோது, தடியப்பன் இரண்டு கை அள்ளிக் கொடுத்தான்.

"அண்ணே, மீதி?"

"மீதியா? பூசணம் பிடித்துவிட்டது, முள்ளி! தூக்கி எறிந்துவிட்டேன். உனக்குக் காயவைக்கத் தெரியவில்லை. மற்றவர்கள் பூவெல்லாம் எப்படி இருக்கிறது தெரியுமா? உன்னுடையது மட்டும்தான் இப்படி. போ, போ. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்."

முள்ளி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பொட்டு. இளையவன் சின்னான். அந்தக் கார்த்திகையில், ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தபோது, சின்னான் பசியில் கண்ணை மூடினான்.

'நான் இன்னும் இரண்டு நாள் வெயிலில் போட்டிருக்கக் கூடாதா? என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேனே!' முள்ளி தினமும் இதையே நினைத்தாள். வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

மறுபடியும் பங்குனி வந்தது. மறுபடியும் பூ உதிர்ந்தது. இந்த முறை தப்பு நடக்கக் கூடாது என்று முள்ளி முடிவு செய்தாள். பூக் காயவைப்பதில் அணில் வாலாயியை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆள் கிடையாது. வாலாயி காயவைத்த பூ சருகு மாதிரி சலசலக்கும். முள்ளி அவள் மரத்தடிக்குப் போய் நின்றாள்.

"என்ன முள்ளி, இந்தப் பக்கம்? கொஞ்சம் தள்ளியே நில், தாயே! உன் முள் என் வாலில் பட்டுவிடப் போகிறது."

"அக்கா, எனக்குப் பூக் காயவைக்கச் சொல்லித் தரவேண்டும்."

"விளையாடுகிறாயா? இத்தனை வருஷமாகக் காயவைக்கிறாய்!"

"தப்பாகக் காயவைத்திருக்கிறேன் அக்கா. போன வருஷம் காட்டிலேயே என் பூ மட்டும்தான் பூசணம் பிடித்தது. அதனால்தான் என் சின்னான் போய்விட்டான்."

வாலாயி கிளையிலிருந்து மளமளவென்று இறங்கி வந்தாள். முள்ளையும் பார்க்காமல் முள்ளிக்கு அருகில் வந்து நின்றாள்.

"உன் பூ மட்டும் என்று யார் சொன்னது?"

"தடியப்பன் அண்ணன்தான்."

வாலாயி சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "முள்ளி, என்னிடமும் அப்படித்தான் சொன்னார்."

"உங்கள் பூவையா? காடே உங்களிடம்தானே கற்றுக்கொள்கிறது!"

"அதுதான் எனக்கு வெட்கம். வாலாயி பூவே கெட்டுப்போனதாம் என்று சிரிப்பார்களே! வாயை மூடிக்கொண்டேன். மரப்பட்டையைக் கடித்துக் கடித்தே பிள்ளைகளோடு கார்த்திகையைத் தள்ளினேன்."

முள்ளி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு மாதமாகச் செத்துப்போன பிள்ளையிடம் தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாளே! இப்போது அவள் உடம்பிலிருந்த முள்ளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

"வாருங்கள் அக்கா! இப்போதே போய்க் கேட்போம்!"

"கேட்டால்? இரண்டு பேருக்குக் காயவைக்கத் தெரியவில்லை என்பார். அவ்வளவுதான்."

முள்ளி யோசித்தாள். வாலாயி சொன்னது சரிதான். "அப்படியென்றால் மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று முதலில் தெரிய வேண்டும்" என்றாள்.

மறுநாளிலிருந்து முள்ளி வீடு வீடாகப் போனாள்.

முதலில் போனது முயல் செவியன் வளைக்கு. "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தடியப்பன் அண்ணன் தங்கமானவர்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். முள்ளி கோபப்படவில்லை. வளை வாசலிலேயே உட்கார்ந்து, சின்னானைப் பற்றிச் சொன்னாள். அவன் பூவைக் காம்போடு தின்பான் என்று சொன்னாள். கடைசி நாளில் அதையும் கேட்கவில்லை என்று சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு நீளக் காதுகள் வெளியே வந்தன.

"எங்கள் பூ ஈர மண்ணில் பட்டுவிட்டதாம், அக்கா. எங்களுடையது மட்டும்தானாம்" என்றான் செவியன். அவன் மனைவி உள்ளே விசும்புவது கேட்டது.

பிறகு மிளா மான் நெட்டையனைப் பார்த்தாள். அவன் பெரிய உடம்புக்காரன், மெதுவாகப் பேசுவான். "நான் வாயில் கவ்விக்கொண்டு போனேனா, எச்சில் பட்டுக் கெட்டுவிட்டது என்றான். நானும் நம்பிவிட்டேன்."

கரடி பொம்மண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "என் கையில் தேன் ஒட்டியிருந்ததாம்! அதனால் பூசணமாம்! வெட்கப்பட்டு நான் ஒரு மாதம் தினமும் ஆற்றில் கை கழுவினேன்!"

காட்டுக்கோழிக்கு ஒரு காரணம். கீரிக்கு வேறு காரணம். ஆனால் எல்லோருக்கும் கடைசியில் ஒரே வார்த்தைதான்: 'உன்னுடையது மட்டும்தான்.'

முள்ளி எந்த வீட்டிலும் அவசரப்படவில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்டாள். எழுந்து போகும்போது ஒன்று மட்டும் சொன்னாள். "அமாவாசை அன்றைக்கு மலையம்மாவைக் கும்பிட வருவீர்கள் அல்லவா? கும்பிட்டதும் போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் இருங்கள்."

மலையம்மா என்பது அந்தக் காட்டின் சாமி. மலையின் மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறைக்கு அடியில் குகை போல ஒரு இடம். அதன் வாசலில் ஆள் உயரக் கல் ஒன்று நிற்கும். அதுதான் அம்மா. அமாவாசைதோறும் காலையில் எல்லா மிருகங்களும் ஆளுக்கொரு பூ கொண்டுவந்து வைத்துக் கும்பிடுவார்கள். அங்கே வரும்போது யாரும் யாரையும் கடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. அது காட்டு வழக்கம். பூசை செய்கிறவர் அழுங்கு செதிலய்யா. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். யாராவது சத்தமாகப் பேசினால் போதும், பந்து போலச் சுருண்டுவிடுவார்.

அமாவாசை வந்தது. கும்பிட்டு முடித்தார்கள். யாரும் போகவில்லை. தடியப்பன் மட்டும் அங்கே இல்லை. அவன் சாமி கும்பிட வருவதே இல்லை.

முள்ளி நடுவில் வந்து நின்றாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"போன கார்த்திகையில் என் சின்னான் செத்தான். என் பூ மட்டும் கெட்டுப்போனது, அதனால் செத்தான் என்று நினைத்திருந்தேன். இங்கே வேறு யார் பூவாவது கெட்டதா?"

முதலில் வாலாயி முன்னே வந்தாள். "என் பூ" என்றாள். பிறகு நெட்டையன் வந்தான். பிறகு செவியன், அவன் மனைவி, காட்டுக்கோழி, கீரி. 'என்னுடையதும்', 'என்னுடையதும்' என்று குரல்கள் எழுந்தபடி இருந்தன. ஒவ்வொருவரும் மற்றவரை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். இத்தனை வருஷமாகப் பக்கத்தில் நின்று கும்பிட்டவர்கள், போன மழையிலிருந்து ஒரே துக்கத்தைத் தனித்தனியாக மூடி வைத்திருந்தார்கள்!

பொம்மண்ணன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். "இப்போதே போய் அந்தத் தடியனைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறேன்!"

"கிழித்துவிட்டு வந்த பிறகு, பூவை எங்கே வைப்பீர்கள் அண்ணே?" என்று கேட்டாள் முள்ளி.

பொம்மண்ணன் கையை இறக்கினான். "அது... அதை யோசிக்கவில்லை."

"அதைத்தான் யோசிக்க வேண்டும். நமக்கென்று ஒரு இடம் இருந்தால், யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம்."

எல்லோரும் யோசித்தார்கள். அப்போது வாலாயி பாறை மேலே ஏறி, அம்மாவின் கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பூசாரி ஐயா, அம்மாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?"

"உள்ளறை. நான் படுக்கிற இடம். அங்கே வேறு யாரும் போகக் கூடாது."

"அது மழையில் நனையுமா?"

செதிலய்யா சரக்கென்று சுருண்டுவிட்டார்!

எல்லோரும் அந்தப் பந்தைச் சுற்றி நின்றார்கள். பொம்மண்ணன் ஒரு விரலால் தட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து சின்னக் குரல் வந்தது. "சாமி இருக்கிற இடத்தைக் கிடங்காக்குவதா? அம்மா கோபித்துக்கொண்டால்?"

முள்ளி பந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பூசாரி ஐயா, ஒவ்வொரு அமாவாசையும் எங்களுக்காக அம்மாவிடம் என்ன வேண்டுகிறீர்கள்?"

"பிள்ளைகளுக்குப் பசி வரக் கூடாது என்று."

"உள்ளறை நனையாது என்றால், அம்மா உங்கள் வேண்டுதலுக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டாள் ஐயா."

பந்து அசையவில்லை. "நான் யோசிக்க வேண்டும்" என்ற குரல் மட்டும் வந்தது.

முள்ளி அவரை அதற்கு மேல் நெருக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் மேலே போய், கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள். ஒன்றும் பேசமாட்டாள். கும்பிட்டுவிட்டு எழுந்து வருவாள்.

ஐந்தாம் நாள் அவள் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. செதிலய்யா வந்துகொண்டிருந்தார். மலையை விட்டு அவர் கீழே இறங்கியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"முள்ளி, இருபது மழைக்காலமாக நான் அந்த உள்ளறையில் படுக்கிறேன். ஒரு சொட்டு விழுந்ததில்லை" என்றார். மூச்சு வாங்கியது. "கீழே பிள்ளைகள் பசியில் அழுவது மேலே வரைக்கும் கேட்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு, இவர்களுக்கு ஒரு வழி காட்டு தாயே என்று கும்பிடுவேன். வழி மேலேயே படுத்துக்கொண்டு வழி கேட்டிருக்கிறேன்! சின்னான் அழுததும் எனக்குக் கேட்டது, முள்ளி. என்னை மன்னித்துவிடு."

அவர் குரலில் இருந்த வலி அவளுக்குத் தெரிந்த வலிதான். நாலு மாதமாக அவளே சுமந்த வலி.

"வாருங்கள் ஐயா. இடத்தைச் சுத்தம் செய்வோம்" என்றாள்.

அன்றைக்கே வேலை தொடங்கியது. பொம்மண்ணன் உள்ளே கிடந்த கற்களைப் புரட்டி வெளியே போட்டான். நெட்டையன் நொச்சித் தழையைக் கொம்பில் சுமந்து கொண்டுவந்தான். தரையில் நொச்சியைப் பரப்பினால் பூச்சி வராது. அதற்கு மேலே மூங்கில் கழிகளை அடுக்கிப் பரண் கட்டினார்கள். வாலாயி பாறைமேல் நின்று எல்லோருக்கும் பூக் காயவைக்கச் சொல்லிக்கொடுத்தாள். "திருப்பிப் போடு! திருப்பிப் போடு! அடிப்பக்கமும் வெயில் பார்க்க வேண்டாமா?" என்று நாள் முழுக்க அவள் சத்தம்தான்.

உள்ளறைக்குச் சட்டமும் வைத்தார்கள். தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது. வேறு வேறு இனத்தைச் சேர்ந்த இரண்டு பேர் சேர்ந்துதான் போகலாம். என்ன இருக்கிறது என்பதை அமாவாசைதோறும் எல்லோரும் நேரில் பார்க்க வேண்டும். உள்ளே போகுமுன் அம்மாவைக் கும்பிட்டுப் போக வேண்டும். கடைசிச் சட்டம் செதிலய்யா சேர்த்தது. "சாமியைப் பார்த்துவிட்டு உள்ளே போனவனுக்குத் திருடக் கை வராது" என்றார்.

இதற்குள் தடியப்பனுக்குச் செய்தி எட்டியது. ஒரு நாள் காலை அவன் முள்ளியின் வளைக்கே வந்துவிட்டான். அவள் மகள் பொட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். போன மழைக்காலத்துப் பட்டினியில் இளைத்த உடம்பு இன்னும் தேறவில்லை.

"என்ன முள்ளி, நமக்குள்ளே எதற்கு இதெல்லாம்?" என்று தேனாகப் பேசினான் தடியப்பன். "நீ முள்ளம்பன்றி, நான் காட்டுப்பன்றி. பேரிலேயே சொந்தக்காரர்கள்! அணிலும் முயலும் நமக்கு யார்? இந்த வேலையை விட்டுவிடு. இனி ஒவ்வொரு மழைக்காலமும் உனக்கும் பொட்டுவுக்கும் வயிறு நிறையத் தீனி. குகைக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்ளுங்கள்."

முள்ளி பொட்டுவைப் பார்த்தாள். விலா எலும்பு தெரிந்தது. எல்லோரும் சேர்ந்து செய்வது தோற்றுப்போனால்? மழை உள்ளறைக்கும் வந்துவிட்டால்? இருக்கிற ஒரு பிள்ளையாவது மிஞ்ச வேண்டாமா?

"வயிறு நிறையத் தீனியா, அண்ணே?"

"நிறைய!"

"அது யாருடைய பூ?"

தடியப்பன் விழித்தான்.

"வாலாயி அக்கா பிள்ளைகளுடையதுதானே? செவியன் பிள்ளைகளுடையதுதானே? அதைத் தின்று என் பிள்ளை வளர வேண்டாம் அண்ணே. நமக்குள் சொந்தமெல்லாம் பேரோடு சரி. போய் வாருங்கள்."

தடியப்பன் கோரைப்பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு போனான்.

அடுத்து அவன் செவியனிடம் போனான். "தம்பி, அந்த முள்ளி தன் மகளுக்குத்தான் சேர்க்கிறாள். மழை வந்ததும் கரடியைக் காவலுக்கு வைத்து உங்களையெல்லாம் விரட்டிவிடுவாள். கரடிக்கு எதிரே முயல் நிற்க முடியுமா? உன் பூவை என்னிடம் கொண்டுவா. இந்த வருஷம் உனக்கு முழுப் பங்கு!"

செவியன் பயந்த பிராணி. கரடி என்றதுமே நடுங்கிவிட்டான். மறுநாள் மலைக்கு வந்து, "எங்கள் பூவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றான்.

"கொடுக்கக் கூடாது! துரோகி!" என்று பொம்மண்ணன் பாய்ந்து வந்தான்.

முள்ளி நடுவில் நின்றாள். "அவன் பூவை நாம் பிடித்துவைத்தால் நமக்கும் தடியப்பனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். பிறகு அவளே நெட்டையனோடு உள்ளே போய், செவியனின் கூடையை எடுத்து வந்தாள். "தம்பி, மலையம்மா வாசல் மூடுகிற வாசல் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பினாள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. முதலில் நம்பி வாய் திறந்தவர்களில் அவனும் ஒருவன்.

ஆடி அமாவாசை வந்தது. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது தடதடவென்று சத்தம் கேட்டது. தடியப்பன் தன் மூன்று மைத்துனர்களோடு வந்து நின்றான். நாலு பேரும் நல்ல கட்டுமஸ்தானவர்கள்.

"அடப் பாவிகளா! சாமி அறையைத் தீனிக் கிடங்காக்கிவிட்டீர்களே! இந்தப் பாவத்துக்கு மழையே பெய்யாது! விலகுங்கள்! அந்தப் பூவையெல்லாம் அள்ளி எறிந்து அம்மா இடத்தைச் சுத்தம் செய்கிறேன்!"

சிலருக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. சாமி குற்றம் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? எல்லோரும் செதிலய்யாவைப் பார்த்தார்கள்.

செதிலய்யா கல்லுக்கு முன்னால் நின்றிருந்தார். தடியப்பனின் சத்தத்தில் அவர் முதுகு வளைந்தது. தலை வயிற்றை நோக்கிக் குனிந்தது. வால் மேலே வந்தது.

'ஐயோ, சுருண்டுவிடப் போகிறார்!' என்று முள்ளி பதறினாள்.

பாதி சுருண்டவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, முதுகை நிமிர்த்தினார். பின்னங்காலில் எழுந்து நின்றார்.

"தடியப்பா, இந்த வாசலில் நீ எத்தனை முறை கும்பிட்டிருக்கிறாய்?"

"அது எதற்கு இப்போது?"

"இருபது வருஷத்தில் ஒரு முறை கூட வந்ததில்லை. அம்மாவுக்கு எது பாவம் என்று நீ சொல்லாதே. நான் சொல்கிறேன். இத்தனை நாள் உள்ளறையைக் காலியாகப் போட்டுவைத்து, கீழே பிள்ளைகளைப் பட்டினி போட்டோமே, அதுதான் பாவம். இப்போதுதான் இது கோயில். உள்ளே போக வேண்டுமானால் என்னைக் கிழித்துவிட்டுப் போ!"

முள்ளி போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். முள்ளை விரித்தாள். வாலாயி அவர் தோளில் ஏறி நின்றாள். நெட்டையன் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். பொம்மண்ணன் வந்தான். கீரி வந்தது, காட்டுக்கோழி குஞ்சுகளோடு வந்தது. யாரும் கத்தவில்லை. யாரும் பாயவில்லை. வரிசையாக நின்றார்கள், அவ்வளவுதான்.

தடியப்பன் இவர்களையெல்லாம் நன்றாக அறிந்தவன். ஆனால் ஒவ்வொருவராகத்தான் அறிவான். மழையில் நனைந்து, தலை குனிந்து, குகை வாசலில் தனியாக நிற்பவர்களாகத்தான் பார்த்திருக்கிறான். சேர்ந்து நின்றால் இவர்கள் இத்தனை பேரா என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மைத்துனர்கள் ஏற்கெனவே நாலடி பின்னால் போயிருந்தார்கள்.

"மழை வரட்டும்! அப்போது என் வாசலில் வந்து அழுவீர்கள்!" என்று கத்திவிட்டு அவன் திரும்பி நடந்தான்.

மழை வந்தது. ஐப்பசி முதல் வாரத்தில் தொடங்கி, விடாமல் பதினோரு நாள் அடித்தது. ஓடைகள் பொங்கின. வளைகளில் தண்ணீர் ஏறியது. பன்னிரண்டாம் நாள் அமாவாசை. எல்லோரும் நனைந்துகொண்டே மலைக்கு வந்தார்கள். ஒருவர் முகத்திலும் உயிர் இல்லை. பதினோரு நாள் மழைக்கு உள்ளறை தாங்கியிருக்குமா?

முள்ளியும் வாலாயியும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

உள்ளே போனதுமே வாசனை வந்தது. வெயிலில் காய்ந்த இலுப்பைப் பூவின் வாசனை. முள்ளி கையை விட்டு அள்ளினாள். சருகு போலச் சலசலத்தது. வாலாயி பரண் மேல் ஏறிக் கத்தினாள். "காய்ந்திருக்கிறது! எல்லாம் காய்ந்திருக்கிறது!" வெளியே நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

முள்ளி தன் கூடையைத் தேடிப் போனாள். அந்த ஒரு கூடைப் பூவை மட்டும் போன வருஷம் காயவைத்த அதே மாதிரிதான் காயவைத்திருந்தாள். ஒரு பூவில் கூடப் பூசணம் இல்லை. காம்போடு இருந்த ஒரு பூவை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் கல்லடியில் வைத்தாள். "சின்னான், அம்மா சரியாகத்தான்டா காயவைத்தேன்" என்று மெல்லச் சொன்னாள். பிறகு பொட்டுவை அழைத்து, அவள் இரண்டு கையும் நிறையக் கொடுத்தாள்.

எல்லோரும் தின்றுகொண்டிருந்தபோது, மழைக்குள்ளே தூரத்தில் சில நீளக் காதுகள் தெரிந்தன. செவியனும் மனைவியும் ஆறு பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். கிட்டே வர அவர்களுக்கு முகமில்லை.

"என்ன, அங்கேயும் பூசணமா?" என்று பொம்மண்ணன் உறுமினான்.

செவியன் தலையை ஆட்டினான். "எங்களுடையது மட்டும்தானாம், அண்ணே" என்றான்.

எல்லோரும் முள்ளியைப் பார்த்தார்கள். அவள் மழையில் இறங்கிப் போய், முயல் குட்டிகளில் ஆகச் சிறியதைத் தூக்கிக்கொண்டாள். முள் குத்தாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"எட்டு பேருக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள் அண்ணே" என்று பொம்மண்ணனிடம் சொன்னாள்.

"அவன் ஒன்றுமே வைக்கவில்லையே!"

"பசியோடு வந்திருக்கிறான். அது போதாதா? வருகிற பங்குனியில் நம்மோடு பொறுக்குவான்."

பொம்மண்ணன் முணுமுணுத்துக்கொண்டே செவியன் வீட்டுக்காரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உள்ளே போனான். வரும்போது அவன் கையில் கேட்டதை விட அதிகம் இருந்தது. தன் பங்கிலிருந்தும் ஒரு பிடி சேர்த்திருந்தான். யாரும் பார்க்கவில்லை என்று அவன் நினைத்தான். முள்ளி பார்த்தாள்.

அந்தக் கார்த்திகையில் கரட்டுக் காட்டில் ஒரு பிள்ளை கூடப் பசியால் சாகவில்லை. மார்கழி முடிந்து வெயில் வந்தபோது உள்ளறையில் இன்னும் பூ மிச்சமிருந்தது.

பங்குனி அமாவாசையில் எல்லோரும் கூடியபோது, கூட்டத்தின் கடைசியில் தடியப்பன் வந்து நின்றான். தனியாக வந்திருந்தான். அந்தப் பங்குனியில் அவன் குகைக்கு யாருமே பூ கொண்டுபோகவில்லை. வாயில் ஒரே ஒரு இலுப்பைப் பூவைக் கவ்விக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான். செதிலய்யா வழிவிட்டார். அவன் வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"அண்ணே, நாளைக்குக் காலையில் வாருங்கள்" என்றாள் முள்ளி. "உங்களுக்கும் இங்கே இடம் உண்டு. ஆனால் எங்களைப் போல நீங்களும் குனிந்து பொறுக்க வேண்டும்."

மறுநாள் விடிந்ததும் தடியப்பன் வந்தான். வெள்ளையாகக் கிடந்த பூவுக்கு நடுவே, செவியனுக்கு இரண்டு மரம் தள்ளி, முதல் தடவையாகக் குனிந்தான்.

தன் குறை என்று வெட்கப்பட்டு ஒளித்த துயரத்தைக் கூடிக் கும்பிடுகிற இடத்தில் வாய்விட்டுச் சொல்லி ஒன்றாக உழைக்கிறவர்களை யாராலும் ஏமாற்றவும் முடியாது, பட்டினி போடவும் முடியாது.